தேவசித்தம் இல்லை என்று சொன்னவர்கள்

சூரியநெல்லிக்காரர்களின் பதில் தொலைபேசியில் வந்தது. மாப்பிள்ளையின் அம்மாதான் பேசினார்.

"அக்கா, குடும்பமா உக்காந்து ஜெபிச்சுப் பார்த்தோம். தேவசித்தம் இல்லன்னு தெரிஞ்சுது. தப்பா எடுத்துக்கிடாதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ள அதில் இடமே இல்லை. வேண்டாம் என்று சொன்னது அவர்கள் இல்லையே. ஆண்டவரோடு யார் சண்டைக்குப் போவது?

எங்கள் சபைக் குடும்பங்களில் பெண் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் பிடிக்கவில்லை என்று சொல்வது கிடையாது. நிறம் குறைவு, நகை குறைவு, அப்பாவுக்குச் சரியான உத்தியோகம் இல்லை என்று எதையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஜெபித்துப் பார்ப்பார்கள். என் மகளுக்கு அது மூன்றாவது 'தேவசித்தம் இல்லை'.

வீட்டுக்கு வந்தவர்கள் என்ன கேட்டார்கள், நாங்கள் என்ன சொன்னோம் என்பதை அன்றன்றைக்கே டைரியில் எழுதி வைப்பது என் வழக்கம். மின்சார வாரிய அலுவலகத்தில் இத்தனை வருஷம் கிளார்க் வேலை பார்த்ததில் ஒட்டிக்கொண்ட பழக்கம். அந்த அம்மா என் மகளின் விசுவாசத்தைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "இந்த சித்திரபுரம் குவார்ட்டர்ஸ் நீங்க ரிட்டயர் ஆகுற வரைக்கும்தானே அக்கா? பொறவு எங்க போவீங்க?" என்று கேட்டார். சொந்த வீடு இன்னும் இல்லை என்று உண்மையைச் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே முறுக்கை எடுத்துக் கடித்தார். என்னைக் கேட்டால், தேவசித்தம் அந்த முறுக்கு முடிவதற்குள்ளேயே தெரிந்துவிட்டது.

போதகர் வீடு சந்திப்புக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது இதை அவரிடம் கேட்டேன். என் கணவரும் இருந்தார். அவர் சுற்றுலாக்காரர்களுக்கு ஜீப் ஓட்டுகிறவர். ஆராதனையில் கண்ணை மூடினால் தூங்கிவிடுவார், ஆனால் போதகரோடு பேசுவதில் அவருக்கு விருப்பம் அதிகம்.

"தேவன் ஒவ்வொருத்தருக்கும் முன்குறிச்சு வச்சிருக்காரும்மா" என்றார் போதகர். "நம்ம பிள்ளைக்கு உள்ளவன் வேற எங்கயோ இருக்கான்."

"அப்போ அவங்க வேண்டாம்னு சொன்னதும் முன்குறிச்சதா ஐயா? சொந்த வீடு இருக்கான்னு கேட்டதும்?"

"அது மனுஷனோட சுயசித்தம். தேவன் அதை அறிவாரு. அறியுறது வேற, செய்ய வைக்கிறது வேற. இப்ப மலை உச்சியில ஒருத்தன் நிக்கான்னு வையுங்க. கீழ வளைவுல வர்ற ஜீப்பு அவன் கண்ணுக்குத் தெரியும். அவன் பாக்குறதாலயா ஜீப்பு ஓடுது?"

என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சரிதான் ஐயா. எதிர்த்தாப்புல லாரி வர்றதும் அவனுக்குத் தெரியும்லா? ஒரு விசிலாவது அடிக்கலாம்லா?"

போதகர் சிரித்துவிட்டார். ஜெபம் பண்ணிவிட்டுக் கிளம்பினார்.

அதன் பிறகு நான் இதைப் பற்றி வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் கேட்க ஆரம்பித்தேன். அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர் மலையாளி, கத்தோலிக்கர். கடவுள் கையை நீட்டுவார், பிடிப்பதும் தட்டிவிடுவதும் மனிதன் பாடு என்றார் அவர். என் கணவரோடு ஜீப் ஓட்டும் ஒருவர் கீழே புதிதாக வந்திருக்கும் ஐக்கியக் கூடுகை என்ற சபைக்குப் போகிறார். இரட்சிக்கப்படுகிறவர்கள் யார் என்பதை உலகம் உண்டாவதற்கு முன்பே ஆண்டவர் முடிவு செய்துவிட்டார், மனிதன் தானாக அவரைத் தேர்ந்தெடுப்பதாக நினைப்பது பெருமை என்பது அவர் கட்சி. எங்கள் போதகரோ இரண்டும் உண்மை, எப்படி என்பது நம் புத்திக்கு எட்டாது என்றார். மூன்று பேருக்கும் வசனம் தெரிந்திருந்தது. மூன்று பேர் வீட்டிலும் கல்யாணத்துக்கு நிற்கும் பெண் இல்லை.

மகள் இதிலெல்லாம் கலந்துகொள்ளவில்லை. நர்ஸிங் முடித்து அடிமாலியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டே ஜெர்மன் படித்தாள். முதல் தடவை பரீட்சையில் தோற்றாள். இரண்டாவது தடவை தேறினாள். ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை உறுதியாகி விசாவும் வந்தது. ஞாயிறு ஆராதனையில் அதற்காக ஸ்தோத்திரம் சொன்னோம்.

அடுத்த வாரமே சூரியநெல்லியிலிருந்து போன். பிறகு நேரிலேயே வந்தார்கள். அதே அம்மா, அதே நாற்காலி. பையன் மூணாறில் ஒரு ஹோட்டல் வரவேற்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான்.

"மறுபடியும் ஜெபத்துல வச்சோம் அக்கா. இப்ப வழி தெறந்துருக்கு. எல்லாத்துக்கும் தேவனோட நேரம்னு ஒண்ணு இருக்குல்லா?"

"ஆமா மதினி" என்றார் என் கணவர். "விசா அடிக்கவே அவருக்கு இம்புட்டு நாள் ஆயிட்டு."

அந்த அம்மா அதைக் காதில் வாங்காதது போல என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். பையன் டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். முதல் தடவையும் அப்படியேதான் உட்கார்ந்திருந்தான். அம்மா பேசும்போதெல்லாம் அவனுக்குத் தரையில் பார்க்க ஏதாவது இருந்தது.

அவர்கள் போனதும் நாங்கள் வேண்டாம் என்று சொல்லத் தயாராக இருந்தோம். மகள் சரி என்றாள். நடுவில் இரண்டு வருஷமும் அவனோடு போனில் பேசிக்கொண்டுதான் இருந்தாளாம்.

சமையலறையில் வைத்துச் சொன்னேன். "அவன் கெட்டவன் இல்லை. ஆனா அவன் அம்மா கூப்பிட்டா போயிருவான். உன்னைத் தனியா விட்டுட்டுப் போயிருவான். நீ அங்க நிப்ப, அவன் இங்க நிப்பான்."

"எல்லாம் முன்னாடியே தெரியுமாக்கும் உங்களுக்கு?"

"தெரியுது."

"நான் யோசிச்சு எடுத்த முடிவும்மா. இதுல தேவசித்தமும் இல்ல, உங்க சித்தமும் இல்ல. என் சித்தம்."

எனக்கு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. எங்கள் வீட்டில் முதல் முறையாக ஒருவர் ஆண்டவர் பின்னால் ஒளிந்துகொள்ளாமல் பேசினார். அவளைத் தடுக்கும் வழி எனக்குத் தெரியாமல் இல்லை. நான் ஒரு வாரம் சாப்பிடாமல் படுத்திருந்தால் அவள் மனம் மாறியிருப்பாள். அவள் அப்பாவை விட்டு அழச் சொல்லியிருக்கலாம், அவருக்கு அது சுலபமாக வரும். செய்யவில்லை. படித்த பிள்ளை, தன் காலில் நிற்கிறவள், முடிவு அவளுடையது என்று நினைத்தேன். மரியாதை என்று அதற்குப் பெயர் வைத்தேன்.

கல்யாணத்தில் போதகர், இந்த மலைகள் தோன்றுவதற்கு முன்பே இவர்கள் இருவரையும் தேவன் ஒருவருக்காக ஒருவரைத் தெரிந்தெடுத்தார் என்று பிரசங்கித்தார். என் கணவர் என் பக்கம் சாய்ந்து, "அப்ப மொதத் தடவ வேண்டாம்னு போன் பண்ணுனது யாரு?" என்றார். வாயைத் துண்டால் மூடிக்கொள்ளச் சொன்னேன்.

பிறகு நடந்தது சமையலறையில் நான் சொன்னதுதான். அவள் முதலில் போனாள், அவன் பின்னால் போனான். அவனுக்கு மொழி வரவில்லை. ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவினான், அதையும் விட்டான். இங்கே அம்மாவுக்குச் சர்க்கரை கூடிவிட்டது என்று போன் போயிற்று. ஒரு மாதத்தில் திரும்புவதாகச் சொல்லி வந்தவன் திரும்பவில்லை. பழைய ஹோட்டலிலேயே சேர்ந்துவிட்டான். அம்மாவின் சர்க்கரைக்கு ஒன்றும் இல்லை. போன மாதம்கூட சூரியநெல்லி கடைத்தெருவில் நின்று அல்வா வாங்கிக்கொண்டிருந்ததை என் கணவர் ஜீப்பிலிருந்து பார்த்தார்.

இப்போது அந்த வீட்டுக்குப் புதிய வெளிச்சம் கிடைத்திருக்கிறது. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே இடத்தில் இருப்பதுதான் தேவசித்தமாம். மகள் வேலையை விட்டுவிட்டு வர வேண்டுமாம். வராவிட்டால் பையனுக்கு வேறு யோசிக்க வேண்டிவரும் என்பதையும் சொல்லிவிட்டார்கள். அதற்கு இன்னும் ஜெபிக்கவில்லை போலிருக்கிறது.

இந்த விஷயத்தில் ஆண்டவர் மேல் எனக்கு உள்ள கோபம் ஆறவில்லை. நான் அறிந்தேன், அவரும் அறிந்தார். போதகர் சொன்னபடி, அறிவது செய்ய வைப்பது ஆகாது. ஒப்புக்கொள்கிறேன். அவன் அவளை விட்டுவிட்டு வந்தது நான் அறிந்ததால் அல்ல. ஆனால் நான் கிளார்க். எனக்கு இருந்த ஆயுதம் பட்டினியும் அழுகையும்தான். அவர் சர்வவல்லவர் என்று வாராவாரம் எழுந்து நின்று சொல்கிறோம். அறிந்தும், முடிந்தும், கையைக் கட்டிக்கொண்டு நிற்பதற்குச் சுயசித்தத்துக்கு மரியாதை என்று பெயர் வைத்தால், பெயர் வைத்தவர்களை நான் சும்மா விடுவதாக இல்லை. போன வாரம் போதகரிடம் இதைச் சொன்னேன். அவர் தன் செருப்பைப் பார்த்தார்.

நேற்று மகள் கூப்பிட்டாள். வேலைக்குப் போகும் முன் ரயிலுக்குக் காத்திருந்தாள். இங்கே திரும்பி வருவதில்லை, வேலை ஒப்பந்தத்தை நீட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன், அவனுக்கும் சொல்லிவிட்டேன் என்றாள். அவன் என்ன சொன்னான் என்று கேட்டேன். அம்மாவிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னானாம். இரண்டு பேரும் சிரித்தோம். அவள் முதலில் நிறுத்தினாள்.

"அம்மா, உங்களுக்கு அப்பவே தெரியும்."

"சொன்னேன்லா உங்கிட்ட."

"சொன்னீங்க. தடுக்கல."

"தடுத்திருந்தா என்னை வெறுத்திருப்ப."

"வெறுத்திருப்பேன். வெறுத்துக்கிட்டே நல்லா இருந்திருப்பேன்லாம்மா."

அதில் குற்றம் சாட்டும் குரல் இல்லை. கணக்கைச் சரிபார்த்துச் சொல்வதைப் போலச் சொன்னாள். என் மகள்தானே. ரயில் வந்துவிட்டது, வைக்கிறேன் என்றாள். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒருவேளை ஆண்டவருக்கும் இந்தப் பயம்தான் இருந்திருக்கும், பிள்ளை வெறுத்துவிடுமோ என்று. இருந்துவிட்டுப் போகட்டும். அந்தப் பயத்துக்கு என் மகள் என்ன விலை கொடுத்தாள் என்பதை நான் அறிவேன். அவரை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. என்னையும்தான்.