மீன்பெட்டிக்குள் சிவப்பு பல்பு

அன்றைக்கு எங்கள் காரைக்கால் தேகப்பயிற்சிக் கூடத்தில் இருந்தவர்கள் இவ்வளவுதான். கூடத்தை நடத்திய வாத்தியார். அவர் ஒரு ஆபீஸில் பியூன், கோவில்பத்திலிருந்து சைக்கிளில் வருவார். அடுத்தது வயர்மேன், தலத்தெருவில் எலெக்ட்ரிக் கடையில் வேலை. அடுத்தது என் சிநேகிதன், கடலுக்குப் போகிறவன். அடுத்தது பிரான்சிலிருந்து லீவில் வந்திருந்தவர், வாத்தியாருக்குச் சொந்தம். கடைசியில் நான். வரிச்சிக்குடிப் பக்கம் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன்.

கூடம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு கீற்றுக் கொட்டகை, மண் தரை. கர்லாக்கட்டை நாலு, கம்பியின் இரண்டு முனையிலும் சிமெண்ட் உருட்டிச் செய்த வெயிட்டு, தொங்குவதற்கு ஒரு பார். கொட்டகையின் நடுக்காலில் ஆஞ்சநேயர் படம். நடந்தது எழுபத்தொன்பதோ எண்பதோ. நான் படித்தது ஐந்தாவது. வருஷமெல்லாம் சரியாக நிற்காது.

சிநேகிதனுக்கு வலது தோள் போயிருந்தது. வள்ளத்தில் முன்னால் நின்று நங்கூரக் கயிறு இழுப்பது அவன் வேலை. ஒரு நாள் அலை தூக்கிய நேரத்தில் கயிறு வெடுக்கென்று இழுத்துவிட்டது. அதிலிருந்து கை தோளுக்கு மேல் ஏறவில்லை. சட்டை போட வீட்டுக்காரி பிடித்துவிட வேண்டும். ஆஸ்பத்திரியில் பத்து நாள் சிவப்பு விளக்கு காட்டினார்கள். காட்டிய நாளெல்லாம் சுகமாக இருந்தது என்பான். பத்து நாள் முடிந்தது. கை பாதிதான் வந்தது.

வள்ளத்தை நடத்துகிறவர் அவன் மச்சான். அவர் சொல்லிவிட்டார்.

"ஆடி முடியட்டும். நங்கூரத்த ஒரு தடவ தனியா தூக்கிக் காட்டு. தூக்கினா ஒன் எடம் ஒனக்கு. இல்லன்னா கரையில ஒக்காந்து வல தச்சுக்க."

கரையில் உட்கார்ந்து வலை தைப்பவர்கள் கிழவர்கள். அவனுக்கு முப்பது வயது. கூடத்துக்கு வந்து இடது கையால் மட்டும் கர்லா சுற்றிவிட்டுப் போவான்.

பிரான்ஸ்காரர்தான் பேச்சை எடுத்தார். அங்கே இந்த மாதிரிக் கூடத்தில் மரத்தில் ஒரு சின்ன அறை இருக்குமாம். பயிற்சி முடிந்ததும் உள்ளே உட்கார்ந்து வேர்க்க விடுவார்களாம். சில இடத்தில் உள்ளே சிவப்பு விளக்குகூடப் போடுவார்களாம். அந்தச் சூடு தோலுக்கு அடியில் போகும், பிடித்த சதை விட்டுக்கொடுக்கும் என்றார்.

வயர்மேன் சிரித்தான். பிரான்ஸ்காரரை அவன் முசியே என்றுதான் கூப்பிடுவான். "காரைக்கால்ல வேர்க்கறதுக்கு ஒரு பெட்டியா முசியே? சித்திரையில வெளிய நின்னா பத்தாது?"

"வெயில்ல நின்னா மண்ட காயும். இது வேற."

சிநேகிதன் கேட்டான். "ஆஸ்பத்திரியில காட்டுனாங்களே, அந்த வெளக்கா?"

"அதேதான்."

அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. வாத்தியார் வயர்மேனைப் பார்த்தார். வயர்மேன் தலையைச் சொறிந்தான்.

மூன்று நாளில் வயர்மேன் ஒரு பல்பு கொண்டுவந்தான். கோழிப்பண்ணையில் குஞ்சுக்குச் சூடு காட்டப் போடுகிற பல்பு. மூஞ்சி சிவப்பு. பெரிய கத்திரிக்காய் அளவு இருக்கும்.

"நான் என்ன கோழிக்குஞ்சாடா?" என்றான் சிநேகிதன்.

"ஒன் கை இப்ப அந்த லட்சணந்தான். பேசாம இரு."

அறை கட்ட மரத்துக்கு எங்கே போவது? சிநேகிதன் வீட்டுக் கொல்லையில் ஒரு பழைய ஐஸ் பெட்டி கிடந்தது. மீன் போட்டு லாரியில் ஏற்றுகிற பெட்டி. வெளியே பலகை, உள்ளே தகரம், இரண்டுக்கும் நடுவில் மரத்தூள். ஒரு ஆள் குந்தலாம். நிறுத்தி வைத்து மூடியைக் கதவாக்கி, மேலே தலை போக ஓட்டை போட்டால் முடிந்தது. தகரம் சூட்டைத் திருப்பி அடிக்கும் என்று வயர்மேன் சொன்னான். அதில் அவன் கெட்டிக்காரன்.

நானும் வயர்மேனும் மாட்டு வண்டியில் ஏற்றி வந்தோம். சாம்பல் போட்டுத் தேய்த்தோம். சுண்ணாம்புத் தண்ணி ஊற்றினோம். ரெண்டு நாள் காயப்போட்டோம். பிறகு வாத்தியார் கேட்டார்.

"வாடை இருக்கா பாருங்கப்பா. ஆஞ்சநேயர் இருக்கற எடம்."

சிநேகிதன் தலையை உள்ளே விட்டு நன்றாக மூச்சு இழுத்தான்.

"துளிகூட இல்ல வாத்தியாரே."

எல்லோரும் நம்பினோம். பிறந்ததிலிருந்து மீனுக்கு நடுவில் வளர்ந்தவன் மூக்கை நம்பி, மீன் வாடை இல்லை என்று முடிவு செய்தோம். இன்றைக்கும் நினைத்தால் சிரிப்பு வருகிறது.

சனிக்கிழமை சாயங்காலம் ஆஞ்சநேயருக்கு வெற்றிலை மாலை சாத்திவிட்டு அவனை உள்ளே உட்கார வைத்தோம். கம்பி வலைக்குள் பல்பு, தோளுக்கு நேராக. வயர்மேன் சுவிட்சைப் போட்டான். ஐந்து நிமிஷம் ஒன்றும் இல்லை. தலை மட்டும் வெளியே தெரிய, கண்ணை மூடிக்கொண்டு, "சொகமா இருக்குடா மாப்ள" என்றான். பத்தாவது நிமிஷம் மரத்தூள் சூடேறியது. எத்தனை வருஷத்து மீன் தண்ணியைக் குடித்த தூளோ. வாளை, மத்தி, சுறா என்று வாடை ஒவ்வொன்றாகக் கிளம்பி வந்தது.

வாத்தியார் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். பிரான்ஸ்காரர் அவருக்கு முன்னாலேயே போய்விட்டார். பூனைகள் வந்தன. முதலில் ஒன்று, பிறகு தெருவில் உள்ள அத்தனையும். பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து அவன் மூஞ்சியைப் பார்த்தன.

கூடையோடு போன மீன்காரம்மா எட்டிப் பார்த்தது. "என்னங்க, ஆள அவிக்கிறீங்களா?"

"இன்னும் வேகல ஆத்தா, அப்பறமா வாங்க" என்றான் பெட்டிக்குள்ளிருந்து.

வாத்தியாருக்குக் கோபம். "ஆஞ்சநேயர் மூஞ்சியில எப்படிடா முழிக்கிறது?"

"கடலத் தாண்டினவரு வாத்தியாரே. மீன் வாடை தெரியாதவரா?" என்றான் சிநேகிதன்.

வாத்தியார் திரும்பிக்கொண்டார். சிரிப்பதை நான் பார்த்துவிட்டேன்.

கோபம் அடங்கியதும், பெட்டியை எடுத்துவிடச் சொல்வார் என்று பயந்தேன். சொல்லவில்லை. வாடையைப் போக்க ஒரு வாரம் டைம் கொடுத்தார். நான் பலகையைப் பெயர்த்துத் தூளை எல்லாம் சுரண்டிக் கொட்டினேன். மில்லில் உமிக்குக் குறைவா? ரெண்டு சாக்கு உமி கட்டி சைக்கிளில் கொண்டுவந்து இறுக்கி அடைத்தேன். பலகையைத் திருப்பி அடித்தேன். இந்தத் தடவை மோந்து பார்க்க வாத்தியாரைக் கூப்பிட்டோம். சிநேகிதனைக் கிட்டவே விடவில்லை.

வாத்தியார் ரொம்ப நேரம் மோந்தார். "நெல்லு அவிச்ச வாசன வருது" என்றார். அது போதும்.

பிறகு தினமும் சாயங்காலம் இருபது நிமிஷம். ஊரெல்லாம் லைட் போடுகிற நேரத்தில் கரண்டு இறங்கிவிடும், பல்பு பீடி நெருப்பு மாதிரி ஆகிவிடும். அதனால் வெளிச்சம் இருக்கும்போதே அவன் வர வேண்டும். வந்தான். பெட்டியிலிருந்து இறங்கியதும் நான் அவன் கையைப் பிடித்து மெதுவாகத் தூக்குவேன். வலித்தால் சொல்ல மாட்டான். பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்கும், நிறுத்துவேன். எட்டிய உயரத்தில் நடுக்காலில் சாக்பீஸால் கோடு போடுவான் வயர்மேன். ஒரு வாரம் கோடு நகரவே இல்லை. அப்புறம் ஒரு விரல் ஏறியது. அப்புறம் ரெண்டு.

மற்றவர்களும் உட்கார ஆரம்பித்தார்கள். நானும் உட்கார்ந்தேன். மூட்டை தூக்கிய முதுகுக்கு முதல் முதலாக ஒருத்தர் வேலை செய்த மாதிரி இருந்தது. வெளியே வந்து மண் தரையில் படுத்தால் எழுந்திருக்க மனசு வராது. வாத்தியார்கூட ஒரு நாள் யாரும் இல்லாதபோது உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "பல்பு எரியுதான்னு பாத்தேன்" என்றார். வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது.

ஆடி முடிந்தது. கோடு ஆஞ்சநேயர் படத்தைத் தாண்டியிருந்தது. ஆனால் கை தூக்குவது வேறு, நங்கூரக் கல் தூக்குவது வேறு.

கடலுக்குப் போவதற்கு முதல் நாள் சாயங்காலம் அவன் பெட்டியில் உட்காரவில்லை. கூடத்து வாசலில் நின்றான்.

"நாளைக்கு நீயும் வா மாப்ள. எண்ண ஒரு ஆளு வேணும். வள்ளத்துல உள்ளவனுங்க எண்ணினா கயித்தக் கொறச்சு சொல்லுவானுங்க."

"எனக்குக் கடல் ஒத்துக்காதுடா."

"வாந்தி எடுத்துக்கிட்டே எண்ணு."

விடியும்போது அரசலாறு முகத்துவாரம் தாண்டினோம். தாண்டியதும் நான் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். வள்ளத்தில் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். மச்சான் சிரிக்கவில்லை. அவர் சிநேகிதனின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். நங்கூரம் போட்டு வலை விட்டார்கள், வாங்கினார்கள். வெயில் ஏறியது. கிளம்பலாம் என்று மச்சான் கை காட்டினார்.

சிநேகிதன் முன்னால் போய்க் காலை அகட்டி நின்றான். கயிற்றைப் பிடித்தான். ரெண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம் ஒரு பாகம். ஒவ்வொரு பாகம் உள்ளே வரும்போதும் நான் வாய்விட்டு எண்ணினேன். பத்தில் அவன் நின்றான். பக்கத்தில் இருந்தவன் கயிற்றைப் பிடிக்க வந்தான். "ஒக்காருடா" என்றார் மச்சான். சிநேகிதன் மூச்சு வாங்கினான். மறுபடி இழுத்தான். நடுவில் எனக்கு வாந்தி வந்தது. விரலை மடக்கிக் கணக்கை விடாமல் வைத்துக்கொண்டேன்.

கை பெட்டியால் வந்ததா, நாள் போனதால் வந்ததா, எனக்குத் தெரியாது. பிரான்ஸ்காரர் அதற்குள் லீவு முடிந்து போய்விட்டார், கேட்க ஆள் இல்லை.

கல் தண்ணி சொட்டச் சொட்ட மேலே வந்தது. அவன் அதை விளிம்பைத் தாண்டித் தூக்கி, தானே கீழே வைத்தான். மச்சான் தன் துண்டை அவன் தோளில் போட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எவ்வளவு?"

இருபத்து மூணு பாகம்.