பெட்ரோல் அறையில் தொங்கிய குழாய்

பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுவேன். அப்படிப்பட்டவள் எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீடு கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கல்வராயன் மலைக்கு ஏறும் சாலையில் இருக்கிறது. முன்னறை, உள்ளறை என்று இரண்டே அறை. மலைக்குப் போகிற வண்டிக்காரர்கள் எங்களிடம் நின்று பாட்டிலில் பெட்ரோல் வாங்கிக்கொண்டு ஏறுவார்கள். என் கணவர் பங்க்கிலிருந்து கேனில் பிடித்துவந்து முன்னறையில் வைத்து விற்பார். அந்த வாசனை எங்களுக்குப் பழகிப்போயிற்று. யாராவது விருந்தாளி மூக்கைச் சுளித்தால்தான் அது இருப்பதே நினைவுக்கு வரும்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த சமயம். என் மகள் ஏழாம் மாதத்தில் தாய்வீடு வந்திருந்தாள். அப்போது ஒரு கல்லூரியிலிருந்து ஆய்வு செய்கிற பெண் ஒருவர் வந்தார். வீட்டுக் காற்றில் பென்சீன் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கிறாராம். பெட்ரோல் ஆவியில் அது கலந்திருக்கும், சுவாசித்துக்கொண்டே இருந்தால் உடம்பில் ரத்தம் ஊறுவதைக் கெடுக்கும் என்றார். மகள் படுக்கும் உள்ளறையில், விரல் நீளக் குழாய் ஒன்றை மூடி கழற்றி, கட்டிலுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார்.

“ஒரு வாரத்துல நானே வந்து எடுத்துக்கறேங்க. அதுவரைக்கும் எப்பவும் போல இருங்க. அளக்கறாங்களேன்னு எதையும் மாத்தாதீங்க.”

சில நாளில் மறியல் வரப்போகிறது, பங்க்கை மூடிவிடுவார்கள் என்று பேச்சு வந்தது. கணவர் வீட்டில் இருந்த கேன்களை எல்லாம் நிரப்பிக்கொண்டு வந்தார். முன்னறையில் வைத்தால் ரோட்டுக்குத் தெரியும். போலீஸ் பார்த்தால் கேஸ். மறியல்காரர்கள் பார்த்துக் கேட்டால் இல்லை என்று சொல்ல முடியாது. அதனால் மகளின் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, ஜன்னலைச் சாத்தினார். நெருப்புக்குப் பயந்து அடுப்பை மட்டும் பின்னால் மாட்டுக்கொட்டகைக்குக் கொண்டுபோனோம்.

மகளுக்குத் தலைவலி ஆரம்பித்தது. சோறு வாய்க்குப் போகவில்லை. முன்னறையில் படுக்கவைத்தேன். சாத்திய வீட்டில் வாசனை அங்கேயும் வந்தது. வாசலில் உட்காரலாம் என்றால் ரோட்டில் கூட்டம், சத்தம், கல் எப்போது வரும் என்று தெரியாது.

“ஜன்னலைக் கொஞ்சம் தொறக்கட்டுங்களா?” என்று கணவரைக் கேட்டேன்.

“அந்தப் பொண்ணு இன்னா சொல்லிச்சி? எதையும் மாத்தாதீங்கன்னு சொல்லிச்சா இல்லியா? ஜன்னலைத் தொறந்தா அளவு கம்மியாப் பூடும். படிச்சவங்க வேலை, கெடுக்காத.”

படுத்திருந்த மகள் சிரித்தாள். “அடுப்பு மட்டும் ஊர்வலம் போலாமாப்பா? இந்தக் குழாய்க்கு இருக்கிற மரியாதை என் வூட்டுக்காரருக்குக் கூட நீ குடுக்கலியே.”

சிரித்த மகள் அடுத்த நிமிஷமே வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள்.

குழாயை எடுக்க வேண்டிய நாளில் பஸ் ஓடவில்லை. ஆய்வு செய்கிற பெண் வரவில்லை. அவர் வரும்வரை ஜன்னல் திறக்காது என்று எனக்குப் புரிந்துவிட்டது. மகளைக் கூட்டிக்கொண்டு வேறெங்கும் போகவும் வழியில்லை. மத்தியானம் கணவர் வெளியே போனதும், அந்தப் பெண் தந்துவிட்டுப் போயிருந்த நம்பருக்குப் போன் செய்தேன். அந்நியர் யாருக்கும் நானாகப் போன் செய்தது அதுதான் முதல் தடவை.

“மேடம், ஜன்னலைத் தொறக்கலாங்களா?”

“மூடியா வெச்சிருக்கீங்க?”

கட்டிலடிக் கேன்களையும் சொன்னேன்.

“அக்கா, எப்பவும் போலன்னா இதுவா? குழாய் கெட்டா கெட்டுட்டுப் போகட்டும். மூடியைப் போட்டு எடுத்து வெச்சிடுங்க. முதல்ல பொண்ணை வெளியில கொண்டுபோங்க. நான் கள்ளக்குறிச்சியில மாட்டிக்கினு இருக்கேன், பஸ் விட்டதும் வர்றேன்.”

குழாயைக் கழற்றி மூடியைப் போட்டேன். அதற்குள் கணவர் வந்துவிட்டார்.

“இன்னாடி, நீதான் அளக்கிற ஆபீசரா?”

அந்தப் பெண் போனில் சொன்னதைச் சொன்னேன். கணவர் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். “குழாய் இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா. இதைத் தொறந்தா கேன் தெரியும். தொறக்கக் கூடாது.”

“அப்ப இவளைக் கொட்டகையில படுக்க வெக்கிறேங்க.”

“மாசமா இருக்கிற பொண்ணை மாட்டுகிட்டயா? சம்பந்தி வூட்டுல இன்னா பேசுவாங்க தெரியுமா?”

பேசுவார்கள்தான். நான் பாயைச் சுருட்டிக்கொண்டு நடந்தேன். மகள் தலையணையோடு பின்னால் வந்தாள். “மாடு மூத்திர வாசனை எவ்ளோ நல்லா இருக்குதும்மா” என்றாள்.

மறுநாள் பஸ் ஓடியது. அந்தப் பெண் வந்து குழாயை வாங்கிக்கொண்டு போனார். மகள் கொட்டகையிலேயே இருந்தாள். கேன்கள் உள்ளறையில் இருந்தன. ஜன்னல் திறக்கவில்லை.