ஜாக்கி இறக்கிய ஜீப்

பெற்றவர்கள் வைத்த பெயர் அவனுக்கு ஒன்று உண்டு. அது ஓட்டுநர் உரிமத்தில் இருந்ததோடு சரி. ஊருக்கெல்லாம் அவன் ஜாக்கிதான். பழைய ஜீப்புகளைத் தரையிலிருந்து உயர்த்தி, கல்லிலும் சேற்றிலும் ஏறும்படி மாற்றிக் கொடுப்பவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? ஆள் கொஞ்சம் குள்ளம். "தான் வளராத குறையெல்லாம் வண்டிய வளத்துத் தீத்துக்கிறாரு" என்று அவன் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான்.

தார்ச்சாலை முடிந்து மலைப்பாதை தொடங்கும் இடத்தில் அவனுடைய பட்டறை. தகரக் கூரை, எண்ணெய் ஊறிக் கறுத்த சிமென்ட் தரை, நடுவில் ஆள் இறங்கி வேலை பார்க்க ஒரு குழி. பின்சுவரை ஒட்டினாற்போல வீடு. காயலான் கடைக்குப் போகவேண்டிய நாலு சக்கர இழுவை ஜீப்புகள் அங்கே வந்து மறுபிறவி எடுத்துப் போகும். வேலையில் அவனைக் குறை சொல்ல முடியாது. நீளமான ஸ்பிரிங் பட்டைகளைப் போட்டு வண்டியைத் தூக்கிவிட்டு, பிரேக் குழாயைப் பழைய நீளத்திலேயே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. எங்கேயாவது ஒரு பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது அந்தக் குழாய் விண்ணென்று இழுபட்டு அறுந்து போகும். ஜாக்கி அப்படிச் செய்கிறவன் அல்ல. படுத்துக்கொண்டு, சக்கரத்தை முழுக்கத் தொங்கவிட்டு, குழாயில் தளர்வு இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்த பிறகுதான் வண்டியை வெளியே விடுவான்.

அவனுடைய சொந்த ஜீப், ஒரு கல்குவாரியில் மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. அதை இழுத்து வந்து, அடிச்சட்டமான சேஸிஸில் விட்டிருந்த கீறல்களை வெல்டிங் வைத்து, எஞ்சினைப் பிரித்துக் கோர்த்து, நெஞ்சு உயரத்துக்கு டயர் மாட்டி நிறுத்தினான். தண்ணீரில் இறங்கினால் எஞ்சின் மூச்சுத் திணறாமலிருக்க, காற்றுக் குழாயைக் கூரை மட்டத்துக்கு ஏற்றியிருந்தான். கதவுக்குக் கீழே கால் வைக்கிற படி பாறையில் இடிக்கிறது என்று அதையும் அறுத்து எறிந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் மலையேறப் போகும் கூட்டத்தில் அந்த ஜீப்புக்கு ஒரு தனி மரியாதை இருந்தது. மற்றவர்கள் பாதியில் நிற்கிற மேட்டில் அது உறுமிக்கொண்டு ஏறிப்போகும். மேலே போய் நின்று திரும்பிப் பார்க்கும்போது ஜாக்கிக்குத் தரை தெரியாது.

மாமியார் காலமான பிறகு மாமனார் இவர்களோடு வந்து தங்கியிருந்தார். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். வீட்டில் சும்மா இருக்கும்போதுகூட இஸ்திரி போட்ட சட்டைதான். சட்டைப் பையில் ஒரு சீப்பு. முழங்கால் இரண்டும் தேய்ந்துபோய், எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்வார். யாராவது பார்த்தால் கையை எடுத்துவிடுவார். மாப்பிள்ளையிடம் அவர் எதையும் கேட்டுப் பெற்றதில்லை.

அந்த மழைக்காலத்தில் அவருக்குக் கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முந்தின இரவெல்லாம் மழை. தரைப்பாலம் முழுகிவிட்டது. வருவதாகச் சொல்லியிருந்த டாக்ஸிக்காரர் காலையில் போன் செய்து, மன்னிச்சுக்குங்க என்று வைத்துவிட்டார். மனைவி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். ஜாக்கிக்கோ உள்ளூரச் சந்தோஷம். இந்த மாதிரி ஒரு நாளுக்காகத்தானே இத்தனை வருஷம் அந்த ஜீப்பைச் செதுக்கினான்?

பட்டறை வாசலில் அவனுடைய கூட்டாளிகள் இரண்டு பேர் ஏற்கெனவே வந்து நின்றிருந்தார்கள். ஒருவர் பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவர், எல்லாருக்கும் வாத்தியார். இன்னொருவனுக்கு கேமரா என்று பெயர். போனை உயர்த்திப் பிடிக்காமல் அவன் எந்த வண்டியையும் பார்த்தது கிடையாது. ஜீப் வெள்ளத்தைக் கடப்பதைப் படம் பிடிக்கத்தான் இருவரும் வந்திருந்தார்கள். மழை கொஞ்சம் விட்டிருந்ததால் தண்ணீர் பார்க்க வந்த தெருக்காரர்களும் ஓரமாக நின்றார்கள்.

மாமனார் புதுச் சட்டையும் பாலிஷ் போட்ட ஷூவுமாக வெளியே வந்தார். ஜீப்பின் பக்கத்தில் போய் நின்று, கதவின் அடிப்பாகத்தைப் பார்த்தார். அது அவர் இடுப்புக்கு மேலே இருந்தது. ஒரு முறை காலைத் தூக்கிப் பார்த்தார். பாதி தூரத்திலேயே முழங்கால் நின்றுவிட்டது. மனைவி உள்ளேயிருந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்தாள். அதன்மேல் ஏறி நின்று, கூரைக் கம்பியைப் பிடித்து, ஒரு காலை உள்ளே வைக்கப் போனபோது ஸ்டூல் சேற்றில் சரிந்தது.

விழவில்லை. கம்பியை விடாமல் தொங்கினார். கால்கள் காற்றில் துழாவின. ஒரு ஷூ கழன்று சேற்றில் விழுந்தது. ஜாக்கி ஓடிப்போய் அவருக்குப் பின்னால் தோளைக் கொடுத்து முட்டித் தூக்கினான். மேலே போகவும் இல்லை, கீழே வரவும் இல்லை. ஓரத்தில் நின்ற யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு தன்மேல் விழாமல் தள்ளிவிட வேண்டும் என்று ஜாக்கிக்குத் தோன்றியிருக்க வேண்டும். வாயில் வந்ததைச் சொன்னான்.

"எம்புங்க மாமா. கியர் பாக்ஸே உங்கள விட லேசா இருக்கும் போல."

தெரு மொத்தமும் சிரித்தது. ஜாக்கியும் சிரித்தான். சிரித்த வேகத்தில் ஒரு தள்ளு தள்ளினான். பேன்ட் எங்கோ பர்ரென்று கிழிந்த சத்தத்தோடு மாமனார் இருக்கையில் போய் விழுந்தார். மனைவி சேற்றிலிருந்து ஷூவை எடுத்து, தன் துப்பட்டா நுனியால் துடைத்து, அவரிடம் நீட்டினாள். அவர் அதைக் காலில் போடாமல் மடியில் வைத்துக்கொண்டு, பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை வாரினார்.

ஜீப் தண்ணீரில் இறங்கிய அழகைச் சொல்லி மாளாது. வெள்ளம் கதவைத் தடவிக்கொண்டு போனது. எஞ்சின் ஒரு தடவைகூட இருமவில்லை. அக்கரை ஏறியதும் ஜாக்கி பக்கத்தில் திரும்பி, எப்படி என்பதுபோலப் பார்த்தான். மாமனார் நேராகச் சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியில் அவரை இறக்க ஊழியர்கள் இரண்டு பேர் வேண்டியிருந்தது. கிழிந்த பேன்ட்டையும் சேற்றையும் பார்த்துவிட்டு நர்ஸ் விசாரித்தபோது, வழியில் தானே வழுக்கி விழுந்துவிட்டதாக அவர் சொன்னார். வரவேற்பு மேசைப் பக்கம் நின்ற ஜாக்கியின் காதிலும் அது விழுந்தது. அப்போது அவனுக்கு அது ஒரு பெரிய விஷயமாகப் படவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, ஒரு கண்ணில் கட்டோடு சாயங்காலமே வீட்டுக்கு வந்தார்கள். ஜாக்கி பட்டறையில் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தபோது போன் முனகியது. மலையேறும் கூட்டத்தின் குழுவில் கேமரா ஒரு வீடியோ போட்டிருந்தான். வெள்ளத்தைக் கடந்ததுதான் என்று நினைத்துத் திறந்தால், கம்பியில் தொங்கும் மாமனார். கீழே, "ஜாக்கி லோடு ஏத்துறார்" என்று எழுதியிருந்தது. ஆளுக்கு ஆள் சிரிப்புப் பொம்மை அனுப்பியிருந்தார்கள். ஜாக்கி ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு தானும் ஒரு சிரிப்புப் பொம்மையைத் தட்டிவிட்டான்.

இதுதான் பிறகு அவனைப் பிடுங்கித் தின்றது. அன்று காலையில் சொன்னது ஏதோ அவசரத்தில் வந்த வார்த்தை. இது அப்படியில்லை. யாரும் அவன் கையைப் பிடித்துத் தட்டச் சொல்லவில்லை.

கழுவி முடித்து வீட்டுக்குள் போனபோது மனைவி சமையலறையில் அடுப்பை அணைத்துவிட்டு நின்றிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி அந்த வீடியோவை அவளுக்கு அனுப்பியிருந்தாள். என்னவென்று தெரியாமல் அவள் முன்னறையிலேயே அதைப் போட்டிருக்கிறாள்.

"அப்பா கேட்டுட்டார்" என்றாள்.

அவனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. "என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. சத்தத்தக் கொஞ்சம் கொறம்மான்னார்."

அவள் கத்தியிருந்தால் அவனும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பான். அவள் சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். தட்டின் முன்னால் உட்கார்ந்து அந்தச் சிரிப்புப் பொம்மையை அழித்தான். ஆனால் அதற்குள் எல்லாரும் பார்த்திருப்பார்கள் என்பது அவனுக்குத் தெரியும். கேமராவுக்குப் போன் செய்து வீடியோவையும் எடுக்கச் சொன்னான். என்ன காரணம் என்று கேட்டதற்கு, வண்டி அதில் சரியாகத் தெரியவில்லை என்றான். சொல்லிவிட்டு, இப்படி ஒரு காரணத்தைச் சொன்னதற்காகத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

அடுத்து வந்த நாட்களில் மாமனார் எப்போதும்போலவே இருந்தார். மாப்ள, காப்பி ஆறுது என்று கூப்பிடுவார். ஜாக்கிதான் அவர் இருக்கும் அறையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாகப் பட்டறைக்குப் போனான். மன்னிப்புக் கேட்கலாம். ஆனால் எப்படித் தொடங்குவது? மாமா, அன்னைக்கு என்று ஆரம்பித்தாலே அந்தக் கம்பியும் அந்தத் தொங்கலும் மறுபடி நடுவில் வந்து நிற்குமே. தனக்குத் தெரிந்த ஒரே வேலையைத்தான் கடைசியில் செய்தான். வாடிக்கையாளர் வண்டிகளை ஓரம் கட்டிவிட்டு, தன் ஜீப்பைக் குழிக்கு மேலே ஏற்றினான்.

உயர்த்துவதைவிட இறக்குவது கஷ்டம் என்று அப்போதுதான் கண்டான். பட்டைகளை அச்சோடு கவ்விப் பிடிக்கும் யூ போல்ட்டுகள் துருப்பிடித்து இறுகியிருந்தன. நீளப் பட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஜீப்போடு வந்த பழைய பட்டைகளைத் தேடியெடுத்து, கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்த்து, கிரீஸ் தடவி மாட்டினான். நீட்டி வைத்திருந்த பிரேக் குழாய்கள் இப்போது தொளதொளத்தன, அவற்றையும் மாற்றினான். டயர் சின்னதானது. கதவுக்குக் கீழே வழுக்காத தகட்டில் அகலமாக ஒரு படி, உள்ளே கை பிடிக்க ஒரு கம்பி. இறங்கி நின்ற ஜீப் யாரோ தலையில் குட்டிய மாதிரி இருந்தது. அவன் மனசு அடித்துக்கொண்டது. அப்படி அடித்துக்கொள்வதும் வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கேமராவும் வாத்தியாரும் அவனைக் கூட்டிப்போக வந்தார்கள். ஜீப்பைப் பார்த்ததும் கேமராவின் முகத்தில் ஈயாடவில்லை. வாத்தியார் சுற்றி வந்து, படியில் கால் வைத்துப் பார்த்து, என்னய்யா கல்யாண வண்டியா என்று கேட்டார். மாமனார் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கட்டு அவிழ்த்த கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. அவர் இருப்பது ஜாக்கிக்குத் தெரியாமலில்லை. அப்படியிருந்தும் உண்மை வாயில் வரவில்லை. உயரம் அதிகமானதால் பக்கச்சரிவில் வண்டி சாய்கிறது, அதனால்தான் இறக்கினேன் என்று என்னவெல்லாமோ விளக்கினான். வாத்தியார் நம்பாமல் சிரித்தார். இத்தனை வருஷம் சாயாதது இப்போது எப்படிச் சாயும் என்றார்.

"நான்தான் சொன்னேன் தம்பி" என்றார் மாமனார் நாற்காலியிலிருந்தே. "பஸ்ஸு ஓட்டுனவன் கண்ணுக்கு அது தெரியும். வளைவுல சாஞ்சுது. மாப்ள கேட்டுக்கிட்டாரு."

பெரியவர் சொன்ன பிறகு அவர்கள் மேலே பேசவில்லை. டயர் அளவைப் பற்றி ஏதோ கேட்டுவிட்டு மலைக்குப் புறப்பட்டுப் போனார்கள். ஜாக்கி, தான் வரவில்லை என்றுவிட்டான். மாமனார் அந்த ஜீப்பில் உட்கார்ந்ததே ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த அந்த ஒரு நாள்தான். அதுவும் ஒரு கண் மங்கலாகத் தெரிந்த நிலையில். சாய்ந்ததா சாயவில்லையா என்பது இரண்டு பேருக்கும் தெரியும். தன்னைக் கேலிப்பொருளாக்கியவனுக்காக அந்த மனுஷர் நாலு பேர் முன்னால் பொய் சொல்லியிருக்கிறார். ஜாக்கி கூனிக் குறுகிப்போனான். பட்டறைக்குள் போய், தேவையே இல்லாமல் ஸ்பேனர்களைத் துடைத்து வரிசையாக வைத்தான்.

அந்த மாதக் கடைசியில் மாமனார் பெரிய மகள் வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருவதாகச் சொன்னார். பஸ் நிலையத்துக்கு ஜீப்பில்தான் போனார்கள். படியில் கால் வைத்து, கம்பியைப் பிடித்து, யார் துணையும் இல்லாமல் ஏறி உட்கார்ந்தார். பட்டைகள் இறங்கியதில் வண்டி குலுங்காமல் போகிறது என்று அவர் சொன்னார். ஜாக்கி தலையாட்டினான். வழியெல்லாம் தொண்டையில் ஒரே வாக்கியத்தை உருட்டிக்கொண்டே வந்தான். நிலையத்து வாசலில் நிறுத்தி, அவர் இறங்கிப் பையை வாங்கிக்கொண்டபோதுதான் அது வெளியே வந்தது.

"மாமா, அன்னைக்கு நான் பேசுனது தப்பு. அந்தப் படத்துக்கு நானும் சிரிச்சேன். அது அதவிடத் தப்பு."

பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. மாமனார் திரும்பிப் பஸ்ஸைப் பார்த்தார், பிறகு இவனைப் பார்த்தார்.

"வண்டிய ஓரமாப் போடுங்க மாப்ள. அவன் எப்படித் திருப்புவான்?"

அவன் ஜீப்பை ஓரம் கட்டிவிட்டு இறங்கி ஓடினான். அதற்குள் அவர் கூட்டத்தோடு போய் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். பஸ் கிளம்பும்போது அவர் கையை உயர்த்தினார். அது தனக்காகவா, வழியனுப்ப வந்த எல்லாருக்குமான பழக்கமா என்று ஜாக்கிக்குப் புரியவில்லை.

அடுத்த ஞாயிறு அவன் மலைக்குப் போனான். பாதி மேட்டில் ஜீப் நின்றுவிட்டது. கேமராதான் தன் வண்டியில் கயிறு கட்டி மேலே இழுத்தான். டீ குடிக்கும்போது ஜாக்கி, ஜீப் சாயவில்லை என்றும், மாமாவால் ஏற முடியவில்லை என்றும், அவரைப் பார்த்துத் தான் சிரித்ததற்காகத்தான் இறக்கினதாகவும் சொன்னான். கேமரா போனைப் பையில் போட்டுக்கொண்டு காலியான டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். வாத்தியார், மழைக்கு முன்னால் எல்லாரும் இறங்கிவிடலாம் என்றார். சொல்லிவிட்டால் லேசாகிவிடும் என்று ஜாக்கி நினைத்திருந்தான். அப்படி ஒன்றும் ஆகவில்லை. பள்ளத்தாக்கை நோக்கி, முதல் கியரில், பிரேக்கைத் தொடாமல் இறங்கினான். வீட்டில் மனைவி போனில் அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தாள். இவனைக் கண்டதும், பேசறீங்களா என்று போனை நீட்டினாள். கையில் சேறு என்று சொல்லப்போனவன், சொல்லாமல், சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினான்.