வகுப்பில் வாய் திறக்காத மகளும் ரூஜ்மோன் ஆப்பிள் தோட்டமும்

நான் போனது ஆப்பிளுக்காக இல்லை, உளவு பார்க்க. மகள் ஓவியா மொன்றியலில் பிரெஞ்சுப் பள்ளியில் முதல் வகுப்பில் சேர்ந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. வீட்டில் வாய் ஓயாது. வகுப்பில் ஒரு சொல் பேசியதில்லை. வகுப்போடு ஆப்பிள் தோட்டத்துக்குப் போகும்போதும் இப்படியே இருந்தால் நிபுணரிடம் காட்டுவது பற்றிப் பேசலாம் என்று டீச்சர் எழுதி அனுப்பியிருந்தார். அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உதவிக்கு இரண்டு பெற்றோர் வேண்டும் என்றதும் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டுப் பெயர் கொடுத்தேன்.

அக்டோபர், வியாழக்கிழமை. பள்ளி இருக்கும் கோட்-டெ-நெய்ஜில் மஞ்சள் பஸ் 8.45க்கு; நான் 8.10க்கே போய் நின்றேன். ரூஜ்மோன் 55 கிலோமீட்டர். பாலத்தில் நெரிசல், இறங்கும்போது 10.05. பிள்ளைக்கு 18 டாலர், உதவிக்கு வரும் பெற்றோருக்கு இலவசம். நல்ல வெயில், ஆனாலும் 9 டிகிரிதான். வழியெல்லாம் மேப்பிள் மரங்கள் சிவந்திருந்தனவாம். நான் பார்த்தது முன் சீட்டில் இருந்த ஓவியாவின் பின்னந்தலையை மட்டும்.

பிள்ளைகளுக்கு வேலை இதுதான்: காம்பை முறுக்கிப் பறித்து, பத்து பத்தாக எண்ணி, பாதியை வீட்டுக்கும் பாதியை எங்கள் பகுதி உணவு வங்கிக்கும் பிரிக்க வேண்டும். எத்தனை பறித்தாய் என்று டீச்சர் ஓவியாவிடம் கேட்டார். நான் இருபது என்றேன். என்ன நிறம் என்றார். அதற்கும் நானே. குளிருகிறதா என்றதற்கு மகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இல்லை என்றேன். என் பிரெஞ்சு அவ்வளவு வேகமாக என்றைக்கும் ஓடியதில்லை.

உதவிக்கு வந்த இன்னொருவர் சுகந்தி அக்கா, யாழ்ப்பாணத்துக்காரர். அவர் மகளும் அதே வகுப்பு. என்னை மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"தம்பி, குறை நினைக்காதேங்கோ. பிள்ளை வாய் திறக்க முன்னம் நீங்கள் சொல்லிப்போடுறியள். பேந்து அவள் என்னத்தைக் கதைக்கிறது?"

சுருக்கென்றது. கோபமும் வந்தது. உணவு வங்கிப் பைகளைத் தூக்கிக்கொண்டு பஸ் பக்கம் நடந்தேன்.

11.40க்கு எல்லோரும் பெஞ்சுகளில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பாட்டில் கொண்டுவராத ஒரு சிறுமி ஓவியாவிடம் தண்ணீர் கேட்டாள். இவளும் கொடுத்தாள். அவள் உதட்டருகே கொண்டுபோனதும் ஓவியா வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். எங்கள் வீட்டில் யாரும் பாட்டிலில் வாய் வைத்துக் குடிப்பதில்லை; எச்சில். இதை இந்த ஊரில் யாருக்குப் புரியவைப்பது? அந்தச் சிறுமியின் முகம் வாடிவிட்டது. முப்பது அடி தள்ளி இரண்டு கையிலும் பையோடு நின்ற நான், மன்னிப்பைப் பிரெஞ்சில் தயார் செய்துகொண்டு ஓடப் பார்த்தேன். பக்கத்தில் வந்து நின்ற சுகந்தி அக்கா கையைக் குறுக்கே நீட்டினார்.

ஓவியா எழுந்து நின்று அண்ணாந்தாள். ஒரு சாண் உயரத்திலிருந்து தண்ணீரை ஊற்றி மடக் மடக்கென்று விழுங்கினாள். பிறகு சத்தமாக, "சான் தூஷே" என்றாள். பிரெஞ்சில் தொடாமல் என்று அர்த்தம்.

அந்தச் சிறுமி முயன்று மூக்கில் ஊற்றிக்கொண்டாள். ஓவியா சிரித்துக்கொண்டே, இன்னும் மேலே தூக்கு, மெதுவாக ஊற்று என்று பிரெஞ்சிலேயே சொல்லிக்கொடுத்தாள். ஐந்து நிமிடத்தில் வகுப்பே பாட்டிலும் கையுமாக அண்ணாந்து நின்றது. சட்டையெல்லாம் ஈரம். டீச்சர் தடுக்கவில்லை, கேட்டுக்கொண்டே நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கையில் பை இருந்ததால் துடைக்கவும் முடியவில்லை.

போகிறவர்களுக்கு: மாற்றுச் சட்டை கட்டாயம். சேறு இருக்கும், ரப்பர் பூட்ஸ் போடுங்கள். கழிப்பறை வரிசைக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். 1.30க்குக் கிளம்பினால் 2.40க்குப் பள்ளி. பிள்ளையிடம் யாராவது எதையாவது கேட்டால் மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். எனக்கு இன்னும் ஆறுக்கு மேல் போகவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது, அடுத்த மாதம் நூலகத்துக்குக் கூட்டிப்போகிறார்களே, அதற்கும் பெயர் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். ஓவியா கொஞ்சம் யோசித்தாள்.

"நீ ஆபீஸ் போப்பா. நான் பாத்துக்கிறேன்."