டைகருக்கு நான் வாங்கிய பட்டை

வெறி பிடிக்காத ஒரு நாயை வெறிநாய் என்று அடித்துக் கொல்ல விட்டேன். அதற்கு வெறியில்லை என்று தெரிந்த இரண்டு பேரில் நானும் ஒருவன். வாயைத் திறக்கவில்லை.

இங்கே ஜெர்மனியில் என் பக்கத்து வீட்டு அம்மாள் ரொட்டிக் கடைக்குள் நுழையும் முன், வாசலில் கட்டிய நாயிடம், "ரெண்டே நிமிஷம், வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறாள். வந்த புதிதில் சிரித்தேன். இப்போது கேட்டால் கோபம் வருகிறது. அவள்மேல் அல்ல.

எண்பதுகளின் தொடக்கம். ஆம்பூரில் தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு, இங்கே ஒரு ஷூ தொழிற்சாலைக்கு வந்திருந்தேன். பழைய முதலாளி கடிதம் எழுதினார். காயப்போட்ட ஆட்டுத்தோலைக் காவல் நாய் இழுத்துக் கடிக்கிறது. தூரத்தில் இருந்தே பட்டனை அமுக்கினால் கழுத்தில் ஷாக் அடிக்கும் பட்டை அங்கே கிடைக்கிறதாமே, லீவில் வரும்போது வாங்கி வாருங்கள் என்று.

வேட்டைச் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். கடைக்காரக் கிழவர் மூன்று பட்டைகளை எடுத்து வைத்து, "எப்படிப்பட்ட நாய்?" என்று கேட்டார். "பெரிய தொழிற்சாலை, முந்நூறு மீட்டர் தூரம் எட்டணும்" என்றேன். முடி நீளமா, பயந்த சுபாவமா என்று மறுபடி கேட்டார். பெண் பார்க்க வந்தவனை விசாரிப்பதுபோல இத்தனை கேள்வியா என்று எரிச்சலாக இருந்தது. எது பலமானதோ அதையே எடுத்தேன். பாரின் சாமான் வாங்கும்போது நம் புத்தி அப்படி. "ஈரத்தில் போடாதீர்கள்" என்றார். நம் வழக்கப்படி தலையை ஆட்டினேன். அந்த ஆட்டலை மறுப்பு என்று நினைத்தாரோ என்னவோ, இன்னும் இரண்டு முறை சொன்னார்.

லீவில் ஆம்பூர் போனேன். அந்தக் காவல் நாய் டைகர் படுப்பது பச்சைத்தோல் கிடங்கில். உப்புப் போட்டு அடுக்கிய தோல். தரையெல்லாம் உப்புத் தண்ணீர். அதன் கழுத்து முடி எந்நேரமும் ஈரம். தோல் படித்துப் பட்டம் வாங்கியவன் நான். உப்புத் தண்ணீரில் மின்சாரம் எப்படி ஓடும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கட்டினேன்.

வாட்ச்மேன் ஏழுமலைதான் அதைக் குட்டியிலிருந்து வளர்த்தவர். பட்டையில் இருந்த சின்னப் பெட்டியைப் பார்த்து, "இன்னா சார், எனுக்கே ரேடியோ இல்ல, இவனுக்கு மாட்டிட்டீங்க!" என்று சிரித்தார். "பாரின் பெல்ட்டு" என்றேன். விளக்கினால் கட்ட விடமாட்டார் என்று தெரியும்.

நானும் முதலாளியும் மாடி வராந்தாவில் நின்றோம். டைகர் ஒரு தோலைக் கவ்வியது. ஏழுமலை ஓடிப்போய் அதன் வாயிலிருந்து பிடுங்கக் குனிந்தார். "அமுக்குங்க தம்பி, அமுக்குங்க!" என்றார் முதலாளி. அமுக்கினேன்.

அந்தக் கத்தல் நாய் கத்துவதுபோல இல்லை. டைகர் ஏழுமலையின் மணிக்கட்டைக் குதறியது. வாயில் நுரை. "வெறி, வெறி" என்று ஆட்கள் ஓடினார்கள். முதலாளி என் காதில், "பட்டையப் பத்திப் பேசாதீங்க. லேபருங்க பேஜார் பண்ணுவாங்க" என்றார்.

வளர்த்தவனே முடிக்கட்டும் என்றது கூட்டம். ஏழுமலை கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, தொட்டியில் தோலைக் கிளறும் கழியை எடுத்தார். பேர் சொல்லிக் கூப்பிட்டார். டைகர் வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. அப்போதும் நான் பேசவில்லை. பிறகு அதன் கழுத்திலிருந்து பட்டையைக் கழற்றியது நான்தான். வெறிநாய் வளர்த்தவன் என்று ஏழுமலைக்கு வேலையும் போயிற்று.

இதைப் படிக்கும் நீங்கள் முதலாளியைத் திட்டலாம். நானும் அப்படித் திட்டியே நாலு வருஷம் ஓட்டினேன். பட்டன்மேல் இருந்தது என் விரல்.

அந்த நாலு வருஷம் கழித்து வந்த லீவில் பேரணாம்பட்டில் ஏழுமலையின் வீட்டைத் தேடிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தொப்புள சுத்தி பதினாலு ஊசி போட்டாங்க சார். அத்த வுடுங்க. கூப்ட்டதும் வந்துச்சு, பாத்தீங்க இல்ல?" என்றார். பிறகு, "எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? எம்பேரு கெட்டது அங்க. அங்க வந்து சொல்லுங்க."

மறுநாள் ஷிப்டு விடும் நேரம், தொழிற்சாலை வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். சிலர் நின்றார்கள். "ஒரு நாய்க்காடா பிளேன் ஏறி வந்தாரு?" என்றான் ஒருவன். சிரித்தார்கள். டீ சாப்பிட வரச்சொல்லி முதலாளி உள்ளிருந்து ஆள் அனுப்பினார். போகவில்லை. எதிர்ப்பக்கம் சைக்கிளைப் பிடித்தபடி நின்ற ஏழுமலையிடம் போய், "சொல்லிட்டேன்" என்றேன்.

"கேட்டேன் சார்" என்றார். "ஊருக்கு எப்பப் போறீங்க?"

நான் பிறந்த வீடு அங்கிருந்து ஆறு மைல். அவர் கேட்பது ஜெர்மனியைத்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. "ஞாயித்துக்கிழமை" என்றேன்.