பத்தாயிரத்து ஒரு முடிச்சு

கல்யாணமாகி வந்த வாரமே மாமனார் சொல்லிவிட்டார், மதுரை விடுதிக்கு நான் திரும்பிப் போகக் கூடாது என்று. அறுபதுகளின் தொடக்கம் அது. கணக்குப் பட்டப்படிப்பில் எனக்கு இன்னும் ஒரு வருடம் பாக்கி. படிக்க அனுப்புவோம் என்று சொல்லித்தான் பெண் கேட்டிருந்தார்கள். வந்த ஆத்திரத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் சொன்ன காரணம் அதைவிடக் கூத்து. சின்னாளபட்டியில் அவர்கள் வீட்டுக்கு வரும் மருமகளின் சுங்குடிச் சேலையில் பத்தாயிரத்து ஒரு முடிச்சுப் போட்டுத்தான் சாயம் முக்குவார்கள். கடைசியில் ஒன்றைக் கூட்டிவிட்டால் அந்த எண்ணை யாராலும் சமமாகப் பங்கு போட முடியாதாம். அதனால் அந்தச் சேலையைக் கட்டியவள் ஒரு ராத்திரிகூடப் புருஷன் வீட்டைப் பிரிந்திருக்கக் கூடாதாம்.

“பங்கு போட்டுக் காட்டிட்டுப் போத்தா. நான் குறுக்க நிக்கல,” என்று சிரித்தார். என் கணவர் தறியை விட்டுத் தலை தூக்கவில்லை.

நான் விடுவேனா? அடுப்படித் தரையில் கரித்துண்டோடு உட்கார்ந்தேன். நூற்றுக்குள் இருக்கும் பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். அவற்றில் எதுவும் வகுக்காவிட்டால் வேறெதுவும் வகுக்காது. மூன்றில் மிச்சம், ஏழில் மிச்சம், பதினொன்றில் மிச்சம். இந்த மனுஷர் சொல்வது சரிதானோ? எழுபத்தொன்றிலும் மிச்சம் வந்தபோது அழுதேவிட்டேன். அடுத்தது எழுபத்து மூன்று. மிச்சமே இல்லை! தூக்கிவாரிப்போட்டது. நூற்று முப்பத்தேழு பேருக்கு ஆளுக்கு எழுபத்து மூன்று முடிச்சு கணக்காகப் போகிறது.

மாமனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குந்தி உட்கார்ந்து தானே பெருக்கிப் பார்த்தார். நம்பாமல் இன்னொரு தரம் பெருக்கினார்.

“எங்கப்பன் காலத்துல இருந்து இதானே போடுறோம்,” என்றார்.

பக்கத்தில் வெஞ்சனத்துக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் மாமியார் அத்தை கேட்டார்: “என் சேலையிலயும் இம்புட்டு முடிச்சுத்தானே?”

மாமனார் தலையை ஆட்டினார்.

“அப்ப எங்காத்தா இழுத்துக்கிட்டுக் கெடந்தப்ப என்னைய எங்க ஊரு எரியோட்டுக்கு அனுப்பியிருக்கலாம்ல? ஒரு ராத்திரி அது பக்கத்துல இருந்திருப்பேன்ல?”

இப்படி ஒன்று நடந்ததை யாரும் என்னிடம் சொன்னதில்லை. மாமனார் உள்ளங்கையால் கணக்கை அழிக்கப் போனார்.

“அழிக்காதீங்க,” என்றார் அத்தை. மாமனார் கையை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் பஸ் நிறுத்தத்துக்கு அத்தையும் ஒரு பையோடு வந்தார். எனக்கு மதுரை பஸ், எரியோடு போக அவருக்கு எதிர்ப்பக்கம் திண்டுக்கல் பஸ். ஆத்தா இல்லாத வீட்டில் போய் என்ன செய்வீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன்.

“ஒரு ராத்திரி படுத்துட்டு வாரேன்,” என்று அவரே சொன்னார்.