காப்பு கட்டிய மோட்டார்

கெம்பம்மாவின் பேச்சை எடுத்தாலே எங்கள் பக்கத்தில் 'பாவம்' என்று ஆரம்பிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளைப் பார்த்துப் பாவப்பட ஒன்றும் இல்லை. அந்த மில்லில் பாவப்பட்ட ஜென்மம் ஒன்று இருந்தது என்றால் அது நான்தான். என் பெயர் எல்லப்பன். சாமல்பட்டி ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த கடலை மில்லில் ஃபிட்டர் வேலை. பெங்களூரில் ஒரு மோட்டார் ஒர்க்‌ஷாப்பில் நான்கு வருஷம் இருந்துவிட்டு வந்த திமிரில், சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவரைக் குத்திக்கொண்டு திரிந்தவன். இங்கே நான் சொல்லப்போவது என் வண்டவாளமும்தான்.

கெம்பம்மா பேரிகைப் பக்கத்துப் பெண். வீட்டில் கன்னடம், வெளியே தமிழ், கோபம் வந்தால் இரண்டும். ஆஞ்சப்பன் என்ற வண்டிக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டுச் சாமல்பட்டிச் சேரிக்கு வந்தாள். மில்லில் அவளுக்குக் கூட்டுகிற வேலை. தினமும் காலையில் மோட்டார் ஓடுவதற்கு முன்னால் மோட்டார் அறையைக் கூட்டி முடித்துவிட வேண்டும். ஆனால் மோட்டாரைத் தொடக் கூடாது. அதைச் சொல்லித்தான் முதலாளி ராஜப்பன் அவளை வேலைக்கே வைத்தார். தரை அவளுடையது, மோட்டார் எங்களுடையது. துடைப்பம் மோட்டாரின் இரும்புக் காலில் பட்டால்கூட யாராவது ஒருவர் 'ஏய்' என்று அதட்டுவார். அதட்டியவர்களில் நானும் உண்டு. மறைத்து என்ன ஆகப்போகிறது?

மில்லுக்குக் கரண்ட் வந்தது ஐம்பத்தைந்தில். ராஜப்பன் பழைய ஆயில் இன்ஜினை விற்றுவிட்டு, பெங்களூரில் ஏதோ ஒரு மில் கழித்துப்போட்ட இருபத்தைந்து குதிரைச் சக்தி மோட்டாரை வாங்கி வந்தார். அதன் ஒரு முனையில் மூன்று பித்தளை வளையங்கள் சுழலும். வளையத்துக்கு இரண்டாக ஆறு கரித்துண்டுகள் அவற்றின்மேல் உரசிக்கொண்டு நிற்கும். புத்தகத்தில் கார்பன் பிரஷ் என்று இருக்கும், நாங்கள் கரி என்போம். பின்னால் இருந்து ஸ்பிரிங் அதை அழுத்திக்கொண்டே இருக்கும். வளையம் சுற்றச் சுற்றக் கரி தேயும், தேயத் தேயக் கறுப்புத் தூள் கீழே கொட்டும். கரி குட்டையாகிவிட்டால் ஸ்பிரிங்குக்கு எட்டாது. அழுத்தம் போய்ப் பொறி பறக்கும். கடலை மில்லில் பொறி பறந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. மோட்டார் அறைக்கு அடுத்ததுதான் கொட்டகை. நடுவில் மூங்கில் தட்டி. அங்கே பதினாறு பெண்கள் உட்கார்ந்து சொத்தைக் கொட்டை பொறுக்குவார்கள். கொட்டகைக்கு ஒரே வாசல், அதுவும் மோட்டார் அறையை ஒட்டி. வாசலோரம் ஆள் உயரத்துக்குக் கடலைத்தோல் குவிந்து கிடக்கும்.

ஆகவே வாரம் ஒரு முறை வளையத்தின் மூடியைத் திறந்து கரியின் நீளத்தைப் பார்க்க வேண்டும். பெங்களூரில் இதை எனக்கு மண்டையில் குட்டிச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

இங்கேதான் காப்பு வந்தது. அதற்கு முந்தின வருஷம் சீசன் நடுவில் மோட்டார் படுத்துவிட்டது. லாரியில் ஏற்றிப் பெங்களூருக்கு அனுப்பித் திரும்புவதற்குள் மூன்று வாரம் போனது. ராஜப்பன் அதை மறக்கவே இல்லை. மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்பு கட்டினவன் திருவிழா முடிகிறவரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது அல்லவா? அவர் அதே கணக்கை மோட்டாருக்கும் போட்டார். ஐம்பத்தாறாம் வருஷ சீசன் பூஜையன்று பூசாரியை வரவழைத்து மோட்டாருக்கு மஞ்சள் கயிற்றில் காப்பு கட்டிவிட்டார். இனி சீசன் முடிகிறவரை மோட்டார் ஊரை விட்டுப் போகாது! கயிற்றைக் கட்ட வேறு இடமா இல்லை? வளையத்து மூடியின் திருகுகளில் கோத்துக் கட்டினார்கள். காப்பை அவிழ்க்காமல் மூடியைத் திறக்க முடியாது. சீசன் முடியாமல் காப்பை அவிழ்க்கக் கூடாது.

நான் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பொங்கலையும் தேங்காய் மூடியையும் வாங்கிக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

கெம்பம்மா அந்தக் கறுப்புத் தூளை வீணாக்க மாட்டாள். புருஷனின் காலிப் பொடி டப்பா ஒன்றில் அள்ளி வைத்துக்கொண்டு போவாள். ஆமணக்கெண்ணெயில் குழைத்தால் வண்டி அச்சுக்கு நல்ல மை. டப்பா நிறையப் பதினைந்து நாளாகும் என்பது அவளுக்கு மனப்பாடம். தை மாதம் அது பத்து நாளில் நிறைந்தது. அடுத்தது ஐந்தே நாளில். அன்று டப்பாவைத் திறந்து என் முன்னால் நீட்டினாள்.

"பிட்டரய்யா, கரி வேகமாத் தேயுதுங்க. மூடியத் தெறந்து பாருங்க."

"துடைப்பம் புடிக்கறவளுக்கு மோட்டாரப் பத்தி என்னா தெரியும்?" என்றேன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் அந்தச் சிரிப்புக்காகத்தான் சொன்னேன்.

அவள் சிரிக்கவும் இல்லை, தலைகுனியவும் இல்லை. டப்பாவை மூடி மடியில் கட்டிக்கொண்டு போனாள். நான்கு நாள் கழித்து மறுபடியும் வந்தாள்.

"இப்ப தூளே கொட்டலீங்க. மூணு நாளாத் தரை சுத்தமா இருக்குது."

"அதான் பாத்தியா? கரி வளையத்துல நல்லா உக்காந்துடுச்சு. இனிமே தேயாது."

"சோறு இருந்தாத்தானேங்க பருக்கை சிந்தும்?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலம் யாரும் இல்லாத நேரம் பார்த்து, மூடியில் இருந்த காற்றுத் துளை வழியாக ஒரு கண்ணை வைத்தேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நடு வளையத்தைச் சுற்றி நீலப் பொறி ஒரு முழு வட்டமாகத் தெரிந்தது. கரி அழுத்தவில்லை. அவள் சொன்னது சொன்னபடி இருந்தது. தூள் நின்றது கரி திடமாக இருப்பதால் அல்ல, தேய இன்னும் கொஞ்சம்தான் பாக்கி என்பதால்.

நான் முதலாளியிடம் போகவில்லை. ஸ்டேஷனில் இரண்டு வேகன் ஒதுக்கியிருந்தார்கள், சனிக்கிழமைக்குள் ஏற்றியாக வேண்டும். காப்பை அவிழ்க்கச் சொன்னால் அவர் குதிப்பார். சனிக்கிழமை வரைக்கும் தாங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதினாறு பேரின் உயிரை வைத்து நான் போட்ட கணக்கு அது. இன்றைக்கு நினைத்தாலும் என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை நான் உள்ளே போனபோது கெம்பம்மா அறையைக் கூட்டி முடித்துவிட்டு, சுவரில் இருந்த ஸ்டார்ட்டருக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டிருந்தாள். துடைப்பம் கையிலேயே இருந்தது.

"நகரு," என்றேன்.

"மாட்டன்."

கொஞ்ச நேரத்தில் அங்கே கூட்டம் கூடிவிட்டது. கொட்டகைப் பெண்கள் தட்டி வழியாக எட்டிப் பார்த்தார்கள். ராஜப்பன் வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு. அவருக்குக் கோபம் வந்தால் தெலுங்கு வரும். அன்று முதல் வார்த்தையே தெலுங்கில் வந்தது. பிறகு தமிழுக்கு மாறினார்.

"வேகன் நிக்குது. ஸ்டார்ட்டர விட்டு வரயா, ஆள வெச்சுத் தள்ளவா?"

"யாரு வேணாத் தள்ளட்டும். தொட்டாத் தீட்டுன்னு சொன்னவங்க யாரு வந்து தொடறாங்க பாக்கறன்."

ஒருவரும் நகரவில்லை. அவளைத் தள்ளக்கூடாது என்பதால் அல்ல, தொடக்கூடாது என்பதால். இத்தனை வருஷம் அவளை எட்ட நிறுத்திய அதே சட்டம் அன்று எங்களை எட்ட நிறுத்தியது. எனக்கு உள்ளுக்குள் ஒரு சிரிப்புகூட வந்தது.

"மூடியத் தெறங்க மொதலாளி," என்றாள். "கரி அரை விரக்கடை இருந்தாலும் நான் இந்த மில்லுப் பக்கமே வரல. என் நாத்தனா உள்ள உக்காந்திருக்கா. பதினாறு பேரு உக்காந்திருக்காங்க. வெளிய வர ஒரே வழி, அதுல தோலு குமிஞ்சு கெடக்குது."

"காப்பு கட்டியிருக்குது. கண்ணு தெரியலையா?"

"சாமிக்குக் கட்டுங்க, கும்புடறன். இது கரி தின்னற மெஷினு. இதத் தெறந்து பாக்காதீங்கன்னு எந்தச் சாமி சொல்லுச்சு?"

ராஜப்பன் என் பக்கம் திரும்பினார். "எல்லப்பா, நீ சொல்லு. கரி நல்லாருக்குதா?"

கேள்வி நேராக என்னிடம் வந்துவிட்டது. அந்த நீல வட்டம் என் கண்ணுக்குள்ளேயே நின்றது. "இருக்கும்ங்க," என்றேன். இருக்கிறது என்று சொல்லத் துணிவில்லை, இல்லை என்று சொல்லவும் துணிவில்லை. இருக்குமாம்!

கெம்பம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சாக்கு தைக்கிற சணலை அறுக்க வைத்திருந்த கத்தியை ஜன்னல் மேட்டிலிருந்து எடுத்தாள். மோட்டாரின் அருகே போனாள். இடது கையை மூடியின் மேல் நன்றாக ஊன்றினாள். மஞ்சள் கயிற்றை ஒரே இழுப்பில் அறுத்தாள்.

யாரோ ஒருத்தி 'அய்யோ தாயே' என்றாள்.

"இப்பத் தெறங்க பிட்டரய்யா."

நான் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றினேன். ஆறு கரியில் நான்கு தேய்ந்து சில்லு மாதிரி இருந்தன. நடு வளையத்தில் கரியே இல்லாமல், அதில் பதித்திருந்த செம்புக் கம்பி நேராக உரசி, பித்தளையில் கோடு கோடாகக் கிழித்திருந்தது. உள்ளே கறுத்துக் கருகிய வாடை. மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருந்த கடலைத்தோல் தூசு ஓர் ஓரத்தில் தீய்ந்து போயிருந்தது. அதை ராஜப்பனும் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"இது உனக்குத் தெரியாதா எல்லப்பா?"

"தெரியாதுங்க," என்றேன்.

"தெரியும்," என்றாள் கெம்பம்மா. "ஆறு நாளாச் சொல்றன். புதன்கெழமை சாயங்காலம் ஓட்டையில கண்ண வெச்சுப் பாத்தாரு. நானும் அவரப் பாத்தன். பயந்துகிட்டுப் பேசாம இருந்துட்டாரு."

நான் தரையைப் பார்த்தேன். அவள் கூட்டிய தரை, சுத்தமாக இருந்தது.

நியாயப்படி ராஜப்பன் அவளைக் கும்பிட்டிருக்க வேண்டும். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "கரி கெடக்கட்டும். காப்ப அறுத்த கை இனிமே என் மில்லுக்குள்ள வரக்கூடாது." என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. பொய் சொன்னவன் உள்ளே, நிஜம் சொன்னவள் வெளியே.

கெம்பம்மா கத்தியை இருந்த இடத்தில் வைத்தாள். "கை வரலன்னா பரவால்ல. கண்ணு போனாத்தான் ஒங்களுக்குக் கஷ்டம்," என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தோடு போனாள்.

வேகன்கள் காலியாகவே போயின. நான் பஸ் பிடித்துப் பெங்களூர் போய்ப் புதுக் கரிகள் வாங்கி வந்து, வளையத்தைத் தேய்த்து வழவழப்பாக்கி, திங்கட்கிழமை காலை எல்லாவற்றையும் பொருத்தினேன். பூசாரி புதுக் கயிறோடு தயாராக நின்றார். கெம்பம்மா கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். கூப்பிடாமலே வழக்கமான நேரத்துக்கு வந்திருந்தாள். உள்ளேயும் வரவில்லை, வீட்டுக்கும் போகவில்லை.

கொட்டகைப் பெண்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். கெம்பம்மாவின் நாத்தனார் முனிலட்சுமிதான் முன்னால் நின்றாள்.

"கெம்பக்கா பாத்துட்டாளா?"

"நான் பாத்துட்டன், போய் உக்காருங்க," என்றேன்.

"போன வாரமும் நீதான பாத்த?"

பதினாறு பேரில் ஒருத்திகூட உள்ளே கால் வைக்கவில்லை. ராஜப்பன் கத்தினார். வேறு ஆள் வைப்பேன் என்றார். "வெச்சுக்கோங்க, அவங்களும் இதத்தான் கேப்பாங்க," என்றாள் முனிலட்சுமி. முதலாளி ஓர் ஆளைக் கேட்டுக்கு அனுப்பினார். ஆள் தனியாகத் திரும்பி வந்தான். "போகச் சொன்னவரே வந்து கூப்படட்டுமாம்."

அரை மணி நேரம் அப்படியே போனது. பிறகு ராஜப்பன் செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டுக்கு நடந்தார். அங்கே என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வரும்போது அவர் முன்னால் வந்தார், அவள் பின்னால் வரவில்லை. பக்கத்தில் வந்தாள்.

மூடி திறந்தே இருந்தது. கெம்பம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு கரியையும் விரலால் தூக்கி விட்டாள். 'ஒந்து, எரடு, மூரு' என்று கன்னடத்தில் எண்ணினாள். தூக்கினால் ஏற வேண்டும், விட்டால் ஸ்பிரிங் அழுத்தி இறங்க வேண்டும். ஐந்து ஏறி இறங்கின. ஆறாவது ஏறிய இடத்திலேயே நின்றது. நான் அவசரத்தில் ஓரத்தை ராவாமல் பொருத்திவிட்டிருந்தேன்.

"இது சிக்குது," என்றாள்.

அத்தனை பேர் முன்னாலும் அதைக் கழற்றி, அரத்தால் ராவி, திரும்பப் பொருத்தினேன். அவள் மறுபடி தூக்கி விட்டுப் பார்த்தாள். தலையசைத்தாள். பூசாரி கயிறு இருந்த தட்டை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார். அவள் அவரைப் பார்த்தாள், அவர் முதலாளியைப் பார்த்தார், முதலாளி வேறு பக்கம் பார்த்தார். கயிறு தட்டிலேயே இருந்தது.

ராஜப்பன் ஃபிட்டரான என்னிடம் கேட்கவில்லை. "ஓட்டலாமா கெம்பம்மா?" என்றார்.

"இருங்க," என்றாள். "மொதல்ல அந்த வாசல்ல இருக்கற தோல அள்ளட்டும்."

அள்ளி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அதுவரை மோட்டாரும் நின்றது, முதலாளியும் நின்றார்.